தேநீருக்குத் தூக்கிய கை

மொன்றியல்
24 ஆவணி 2003

திரேசம்மாவுக்கு,

ரொறன்ரோவில் ஆட்கள் சார்ஸ் காய்ச்சலுக்குப் பயந்து வாயை மூடிக் கட்டிக்கொண்டு திரிந்த வருஷம் இது. செவ்வாய்க் கிரகம் இவ்வளவு கிட்ட நாங்கள் உயிரோடு இருக்கும்வரை இனி வராது என்று வானொலியில் சொன்ன வருஷம். பத்து நாளைக்கு முன் ஒரு வியாழன் பின்னேரம் உங்கள் ஊர் முழுக்க மின்சாரம் போய், இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு விளக்கும் அணையாமல் இருந்த வருஷமும் இதுதான். அன்று நான் வெளிப்படிக்கட்டில் இருந்துகொண்டு எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவனிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருட்டுக்குள்ள இருக்கா" என்று தமிழில் சொன்னேன். அவன் தன் பாஷையில் ஏதோ ஆறுதல் சொன்னான்.

மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். மூன்று தரமும் உங்கள் மகள் தக்ஷினி, "அம்மா குளிக்கிறா" என்றாள். இவ்வளவு குளிக்கிற மனுஷியோடு பதினைந்து வருஷம் ஒரே கம்பனியில் வேலை செய்திருக்கிறேன் என்பது எனக்கே புதினம். ஆகவே கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது எங்கள் வான் வண்டி ஓட்டி அல்பேட். வியாழக்கிழமை ரோல்ஸ் பெட்டிகளோடு ரொறன்ரோ வரும்போது அவனே கொண்டுவந்து தருவான். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறான். எந்த இடத்திலாவது உங்களுக்குக் கோபம் வந்தால், அது அவன் கூட்டிய இடம்.

ஆனி மாதம் அந்தப் புதன்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் அறியாததல்ல. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது வேறு மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு முதலாளியின் மனைவி பாலாம்பிகை கதவடியில் நின்று தேநீருக்குக் கை எண்ணுவா. ஒரு கைக்கு ஒரு தேநீர். ரோல்ஸை முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டுகிற உங்கள் நாலு பேருக்கும் கையைத் தூக்க வழியில்லை; தூக்கினால் முட்டை வடியும். காய்ந்த கைக்காரர்தான் உங்களுக்காகத் தூக்க வேண்டும். ரோல்ஸ் பொரிக்கிற சட்டியடியில் நிற்கிற நான் இரண்டு கை தூக்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. என் தலைக்கு மேலே புகை இழுக்கிற காற்றாடி ஓடினால் எனக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அன்று பத்து மணிக்குக் கதவடியில் ஆள் நின்றது தெரிந்தது. வாய் அசைந்தது. அல்பேட்டும் மற்ற வான் ஓட்டியான பிரெஞ்சுக்காரன் பற்றிக்கும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், வழக்கம்போல இரண்டு.

நின்றது பாலாம்பிகை இல்லை, முதலாளி கணேசலிங்கம். கேட்டது தேநீர் இல்லை. பல்லுக்கும் கண்ணாடிக்கும் மருந்துக்கும் நாங்கள் செலவழித்தால், ரசீதைக் காட்ட, வருஷத்துக்கு ஓர் எல்லை வரைக்கும் கம்பனி திருப்பித் தருகிற திட்டம். கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் வேலை செய்பவருக்கு மட்டும். ரோல்ஸ் சுற்றுகிற உங்கள் நாலு பேருக்கும் முப்பத்திரண்டு மணித்தியாலம்தான். உங்களை வெளியே விடுகிற திட்டத்துக்கு உங்கள் கையையும் நானே தூக்கிவிட்டேன். அந்தக் கையால்தான் ஏழுக்கு நாலாய் அது வென்றது.

நான் அதைக் களவாகத் தூக்கவில்லை. தேநீர் என்று நினைத்துத் தூக்கினேன். அன்று தேநீரும் வரவில்லை.

இப்படிக்கு
அரியரத்தினம்


ஸ்காபரோ
4 புரட்டாதி 2003

அரியரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் போன வியாழன் கிடைத்தது. பதில் வாங்காமல் போகமாட்டேன் என்று அல்பேட் இன்று வாசலில் நிற்கிறான். வான் வண்டிக்குள் ஐஸ் கட்டிய ரோல்ஸ் உருகுதாம். உருகட்டும்.

தேநீர் என்று நினைத்தீர்கள் என்பதை நம்புகிறேன். உங்களுக்குக் கள்ளம் தெரியாது. கண்ணும் தெரியாது என்பதுதான் என் குறை.

தொண்ணூறாம் ஆண்டு மார்கழி நத்தார்ப் பெருநாளுக்கு நான் உடுத்திருந்த சீலையின் கரை என்ன நிறம் என்று போன வருஷம் எல்லாருக்கும் முன்னால் சொன்னீர்கள். சரியாகச் சொன்னீர்கள். ஆனால் இந்த வருஷம் வைகாசியிலிருந்து ஆறு அடி தூரத்தில் நின்ற நான் வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரிக்கவில்லை என்பது உங்கள் ஞாபகத்தில் ஏறவில்லை. முதல் சட்டி இறங்கினால் முதல் ரோல்ஸை நான்தான் கடிப்பேன். கடித்த சத்தம் கேட்டால்தான் இரண்டாம் சட்டி ஏறும். கடைசி ஒரு மாதமும் நான் கடைவாயால் கடித்தேன். அதையும் காணவில்லை.

அரியரத்தினம் அவர்களே, என் மேல்வரிசை முன்பல் நாலையும் கழற்றிவிட்டார்கள். கட்டுப்பல் வைக்க வேண்டும் என்றார் பல் வைத்தியர். அவர் சொன்ன தொகைக்கு நான் எத்தனை ரோல்ஸ் சுற்ற வேண்டும் என்று கணக்குப் பார்த்து, பார்த்ததை மறந்துவிட்டேன். அந்தப் புதன்கிழமை முதலாளி, பல்லுக்குக் காசு திருப்பித் தருவோம் என்று சொன்னபோது என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வசனத்தில் நாற்பது மணித்தியாலம் என்றார். அதற்கு அடுத்த நிமிஷம் என் கை உங்கள் தோளிலிருந்து எழும்பி அதற்குச் சம்மதம் சொன்னது. "திரேசம்மாவும் ஓம்" என்று முதலாளி எண்ணினார். இல்லை என்று கத்த நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. அடுத்த கிழமை பேரப்பிள்ளையைப் பார்க்க லீவு கேட்டு வந்துவிட்டேன்.

தொலைபேசியில் நான் கதைத்தால் காற்றுத்தான் வரும். குளிப்பதற்குக் காரணம் அதுதான்.

இனி எழுத வேண்டாம். வியாழக்கிழமைகளில் இரண்டு மணிக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன். இதை அல்பேட்டின் வசதிக்காகச் சொல்கிறேன்.

திரேசம்மா


மொன்றியல்
21 புரட்டாதி 2003

திரேசம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான் எழுதவில்லை, அல்பேட்தான் எழுதுகிறான்.

உங்கள் கடிதத்தில் பல் என்ற இடம் வந்ததும் அவன் வாசிப்பதை நிறுத்தி, "அண்ணன், மிச்சத்தை நீங்களே வாசிக்கேலுமெண்டால் நல்லா இருக்கும்" என்றான். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. பல்லைப் பற்றி ஒருவருக்கும் சொல்லமாட்டான். நான் மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு கதைக்கத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை என்று பாலாம்பிகை சொல்லுகிறா.

ஏனென்றால் ஒரு விஷயம் நடந்தது. இந்தத் திட்டத்தைச் சரிவர அமைத்துக் கொடுக்கக் காப்புறுதி அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை செயின்ட்-மிஷேலுக்கு, எங்கள் கம்பனிக்கே வந்தாள். பெயர் தேவிகா, சென்னைப் பிள்ளை. முதலாளி கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் அதில் இருக்கவில்லை. "முதல்ல வேலை நடக்கிறதைப் பாக்கணும் சார்" என்று உள்ளே வந்து, மூன்று பெண்கள் ரோல்ஸ் சுற்றுவதைப் பார்த்தாள். நாலாவது இடம் வெறுமையாக இருப்பதையும் பார்த்தாள். பிறகு முதலாளியைக் கேட்டாள்.

"நாப்பது மணி நேரம்னு கோடு போட்டா உள்ளே யார் சார் இருக்காங்க?"

"நான், என்ர மனிசி, ரெண்டு ரைவர், சட்டியில நிக்கிற அரியண்ணை."

"வெளியே?"

"ரோல்ஸ் சுத்துறவை."

"கம்பெனி என்ன பண்ணுது?"

"ரோல்ஸ்தான்" என்றார் முதலாளி. சொல்லும்போதே குரல் இறங்கியது.

"அப்போ இது நிக்காது சார். வேலை செய்யறவங்களுக்கான திட்டம்னு சொன்னா, வேலை செய்யறவங்க உள்ளே இருக்கணும். உங்க குடும்பத்தை உள்ளே வெச்சு மத்தவங்களை வெளியே தள்ள ஒரு கோடு போட்டா, இது முதலாளி தனக்குத்தானே கொடுத்துக்கிட்டதுன்னு வரி ஆபீஸ்ல எடுத்துப்பாங்க. அதுக்கு நீங்க வரி கட்டணும்."

"பிள்ளை, எல்லாரிட்டயும் கேட்டு, கை தூக்கித்தான் செய்தது."

"எல்லாருமா?"

அப்போது முதலாளி என்னைப் பார்த்தார். நான் காற்றாடியை நிறுத்தியிருந்தேன், திரேசம்மா. இப்போதெல்லாம் கதவடியில் அவர் தலை தெரிந்தால் முதலில் அதை நிறுத்துவதுதான் என் வேலை. "ஒரு கை தேநீருக்கு, மற்றக் கையும் தேநீருக்கு" என்றேன். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. பாலாம்பிகை விளக்கினா. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதல் திட்டம் அன்றோடு முடிந்தது.

இன்னொன்று. முதல் ரோல்ஸை இப்போது கடிக்கிறவன் பற்றிக். எது கொடுத்தாலும் தன் பிரெஞ்சில் "போன், த்ரே போன்", நல்லது, மிக நல்லது என்கிறான். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார், நமுத்துப் போய்விட்டதாம். முதலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டு, "திரேசம்மாக்கா எப்ப வாறாவாம்" என்று என்னைக் கேட்டார். ரொறன்ரோவில் நன்றாகக் குளிக்கிறா என்று சொல்லிவிட்டேன்.

அரியரத்தினம்


ஸ்காபரோ
2 ஐப்பசி 2003

அரியரத்தினத்தாருக்கு,

"த்ரே போன்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அறையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் என் கை தானாக வாயை மூடப் போனது. இப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டதே என்று பிறகு கோபம் வந்தது. கோபம் வந்ததால் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

திட்டத்தை விழுத்தியது தேவிகா. நீங்கள் அல்ல. இதை அல்பேட்டுக்கு முன்னால் உங்கள் பேரில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இங்கே குறை ஒன்றும் இல்லை. பேரன் லக்ஷனுக்கு ஒரு வயது. அவனுக்கும் முன்பல் வருகிறது. இருவரும் ஒரே கஞ்சி குடிக்கிறோம். அவனுக்கு ஒரு பல் முளைத்தால் வீடு முழுக்கப் பிறந்தநாள். தக்ஷினி நல்ல பிள்ளை, காசு தாறன் என்கிறாள். வாங்கினால் அவள் மாதம் முழுக்க இரண்டு வேலை பார்க்க வேண்டும். வேண்டாம் என்றேன். பதினைந்து வருஷம் முட்டைக்குள் கைவைத்து நின்றவள் நான். எனக்கு வரவேண்டியது அங்கேயிருந்துதான் வரவேண்டும்.

உங்கள் முதலாளியை எனக்குத் தெரியும். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் ஒரு கோட்டை அழித்தால் இன்னொரு கோடு போடாமல் அவருக்கு நித்திரை வராது. இருந்து பாருங்கள்.

எண்ணெய் சூடு குறைவு. அதனால்தான் ரோல்ஸ் நமுக்கிறது. ஒரு ரஸ்க் துணிக்கை போட்டால் உடனே மேலே வரவேண்டும். இதைச் சொன்னது நான் என்று சொல்ல வேண்டாம்.

திரேசம்மா


மொன்றியல்
19 ஐப்பசி 2003

திரேசம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே கோடு போட்டார். இந்த முறை என் கழுத்தில்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முதலாளி பொத்தான் எல்லாம் பூட்டிய புதுச் சேட்டு உடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்தார். தேவிகாவும் பக்கத்தில் நின்றாள். நான் காற்றாடியை நிறுத்தினேன்.

"பெம்பிளையள் எல்லாரும் உள்ளுக்க. இனி ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேலாது" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு மெதுவாக, "அறுபத்தஞ்சு வயசு வரைக்கும்" என்றார்.

எனக்கு அறுபத்தேழு. கம்பனியில் வேறு ஒருவருக்கும் அறுபது கூட இல்லை.

"அறுபத்தஞ்சுக்கு மேல அரசாங்கம் மருந்து குடுக்குதுதானே, அண்ணை. நான் உங்களை ஒதுக்கேல்லை."

"மருந்து சரி சார்" என்றாள் தேவிகா. "பல்லு? கண்ணாடி? காது மெஷின்? அதெல்லாம் ஐயா எங்கே போய் வாங்குவார்? உங்ககிட்ட இந்த வயசு லைனை எடுக்கச் சொல்லி நேத்தே போன் பண்ணினேன். ஆணா பொண்ணான்னு பாக்கக் கூடாது, நோயாளியான்னு பாக்கக் கூடாது, வயசைப் பாத்தும் ஆளை வெளியே நிறுத்தக் கூடாது."

முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப ஆக்களையே கேப்பம். அரியண்ணையும் உள்ளுக்க வர வேணும் எண்டுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

அவர் ஒரு கணக்குப் போட்டுத்தான் கேட்டார். முட்டைக் கைக்காரர் தூக்கமாட்டார்கள், அவர்களுக்காகத் தூக்குகிற நானும் என் விஷயத்தில் தூக்கமாட்டேன் என்று நினைத்தார். நான் தூக்கவில்லை. இரண்டு கையையும் சட்டிப்பிடியில் வைத்துக்கொண்டு எண்ணெயைப் பார்த்தேன். நீங்கள் என்னைத் திட்டியது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. உங்களைப் பற்றி மற்றவர்கள் கை தூக்கும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று.

பிறகு அல்பேட் என் தோளில் தட்டினான். நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பெண்களும் கை தூக்கியிருந்தார்கள். முட்டையும் ரஸ்க்கும் பூசிய ஆறு கை. ஆளுக்கு இரண்டு. முட்டை முழங்கை வழியே வடிந்து நிலத்தில் விழுந்தது. ஒருத்தி முன்னால் வந்து நின்று தூக்கினாள். முதலாளியின் புதுச் சேட்டில் ஒரு கோடு இறங்கியது. பற்றிக்குக் கதை விளங்கவில்லை, ஆனால் அவனும் தூக்கினான். கடைசியில் பாலாம்பிகை தூக்கினா.

"நீயுமோ?" என்றார் முதலாளி.

"நானும் தொழிலாளிதானே. திட்டத்தில அப்பிடித்தானே என்னை எழுதியிருக்கிறியள்."

அதோடு அவர் கதிரையில் போய் இருந்தார். இப்போது மூன்றாவது திட்டம். தை முதல் வேலைநாளில் வேலையில் நிற்கிற எல்லாரும் உள்ளே. எல்லாருக்கும் ஒரே எல்லை. முப்பத்திரண்டு மணித்தியாலத்துக்கும் அதேதான், முதலாளிக்கும் அதேதான்.

"அப்ப எனக்கும் அரியண்ணைக்கும் ஒரே அளவோ?" என்று அவர் தேவிகாவைக் கேட்டார்.

"ஆமா சார்."

என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்களுக்கு எத்தினை பல்லு மிச்சம்?"

"ஏழு."

விரலை மடக்கி ஏழு வரை எண்ணினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே சேட்டைத் துடைத்தார், அது இன்னும் பரவியது.

உங்கள் பெயரை வெட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. "திரேசம்மாக்கா லீவில போனவ, விலகேல்லை" என்று பாலாம்பிகை தேவிகாவுக்குச் சொன்னா. தைக்கு முன் வந்தால் போதும்.

எண்ணெய்ச் சூட்டைக் கூட்டினேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அரியரத்தினம்


மொன்றியல்
2 கார்த்திகை 2003

திரேசம்மாவுக்கு,

எழுத்து மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இதை எழுதுவது தேவிகா. இங்கே வீட்டுப் பூட்டின் எண்ணிலிருந்து பூனையின் பெயர் வரை அல்பேட்டுக்குத் தெரியும், இது மட்டும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கொண்டுவருவது அவன்தான், ஆனால் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறோம்.

திட்டத்தில் நான் போன கடிதத்தில் சொல்லாத ஒரு வரி உண்டு. வேலை செய்கிறவரின் கணவனோ மனைவியோ இருந்தால் அவரும் அதில் சேரலாம். ரசீது கொடுக்கலாம். தேவிகா இதை விளக்கியபோது மற்றவர்கள் தங்கள் வீட்டுக்காரரை நினைத்தார்கள். எனக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. என் மனைவி மட்டக்களப்பில் காலமாகி இருபத்துநாலு வருஷம். உங்கள் வீட்டுக்காரரும் காலமாகிப் பல வருஷம். நான் உங்களை நினைத்தேன்.

மொன்றியல் குளிருக்குத் திரும்பி வர உங்களுக்கு மனமில்லாமல் இருக்கலாம். முட்டைக்குள் கைவைத்து நின்றது போதும் என்று இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் ஒரு ரோல்ஸும் சுற்றாமல் பல் கட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் தேவிகா பேனாவை வைத்துவிட்டாள்.

"ஐயா, இதை இப்படியேவா எழுதறது?"

"ஏன், பிழையா?"

"கல்யாணம் கேக்கற லெட்டர்ல ரசீது வராது ஐயா."

"அப்ப என்ன வரும்?"

"அவங்களை ஏன் புடிக்கும்னு சொல்லுங்க."

அதை நான் சொல்லிப் பழகவில்லை. ஆனால் கேட்டுவிட்டாள். நீங்கள் முதல் ரோல்ஸைக் கடிக்கும்போது கண்ணை மூடுவீர்கள். சத்தம் சரியாக இருந்தால் ஒரு புருவம் மட்டும் எழும்பும். பதினைந்து வருஷம் நான் அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் சட்டியை இறக்கினேன். வாயைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான்.

எழுதிவிட்டாள். இப்போது அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை.

அரியரத்தினம்


ஸ்காபரோ
13 கார்த்திகை 2003

அரியத்தாருக்கு,

உறையை நீங்கள் ஒட்டிய விதத்தைப் பார்த்தே அல்பேட் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டான். வாசலில் வந்து, "வாழ்த்துக்கள் அக்கா" என்றான். என்னத்துக்கு என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க" என்றான்.

முதலில் பதில். பல்லுக்காக நான் ஒருவரின் மனைவியாக மாட்டேன்.

கோபப்பட வேண்டாம், முழுதும் வாசியுங்கள். வாசிக்கிறவர் அல்பேட் என்றால், அல்பேட், நீயும் முழுதும் வாசி. ஆனியில் நான் உங்கள் இரண்டாவது கையாக இருந்தேன். நீங்கள் தூக்க நான் எழும்பினேன். இப்போது உங்கள் திட்டத்தில் இரண்டாவது ஆளாக வந்து நிற்கச் சொல்கிறீர்கள். அந்தப் பிள்ளை இவ்வளவு பாடுபட்டது நாலு பெண்களும் தங்கள் பெயரில் உள்ளே நிற்பதற்காக. மூன்று பெண்கள் முட்டை வடிய நின்றது உங்களுக்காக மட்டுமா? நான் வேறொருவரின் வரியில் ஒதுங்கி உள்ளே வந்தால் அவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது.

என் ரசீதில் என் பெயர் இருக்க வேண்டும். மார்கழி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அல்பேட்டின் வானில் வரமாட்டேன், பாதி வழியில் கிங்ஸ்டன் வருவதற்குள் எல்லாவற்றையும் வாயிலிருந்து பிடுங்கிவிடுவான்.

பல் கட்டிய பிறகு கேளுங்கள். கேட்கும்போது தேவிகாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

புருவத்தைப் பற்றி எழுதிய பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சம் எங்கேயோ கிடக்கிறது.

திரேசம்மா


ஸ்காபரோ
8 சித்திரை 2004

அரியத்தாருக்கு,

ஈஸ்டருக்கு வந்த நான் நேற்று இரவுச் சாப்பாட்டில் தக்ஷினிக்கு விஷயத்தைச் சொன்னேன். தொலைபேசியில் சொல்லியிருப்பேன். இப்போது காற்று வராது, ழகரமும் வருகிறது. ஆனால் கடிதத்தில் பழகிவிட்டது. இது கடிதத்தில் தொடங்கியது, கடிதத்தில்தான் முடிய வேண்டும்.

அவள் முதலில் என் வாயைத்தான் பார்த்தாள். லக்ஷன் என் புதுப்பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் பல்லையும் தொட்டுப் பார்த்தான். பங்குனியில் முதல் ரோல்ஸைக் கடித்த கதையை அவளுக்குச் சொன்னேன். நீங்கள் காற்றாடியை நிறுத்தியது, முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, கடித்த சத்தம் கேட்டு ஜன்னலடியில் நின்று பற்றிக்கும் கை தட்டியது எல்லாம். அன்று பத்து மணிக்குப் பாலாம்பிகை வந்தபோது நீங்கள் ஒரு கை மட்டும் தூக்கினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். என் கையை நானே தூக்கினேன். முட்டை தோள் வரைக்கும் வடிந்தது. அதையும் சொன்னேன். பிறகு சட்டியடியில் ஒருவர் துணையும் இல்லாமல் நீங்கள் கேட்டதையும், மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

தக்ஷினிக்குச் சம்மதம்தான். சம்மதம் என்று முகத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் என் மகளல்லவா, ஒரு கோடு போடாமல் விடுவாளா.

"அம்மா, அவருக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லை. எங்கட பக்கத்தில இருந்து ஒரு விசாரிப்பு வேணும். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்ல இருந்து அவரைத் தெரிஞ்ச ஒராள் வந்து, இவர் நல்ல மனுஷன் எண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்ல வேணும். அல்பேட் மாமா செல்லாது. அவர் இனிப்புக் கட்டி வச்சிட்டார்."

யாரைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள்?

திரேசம்மா


மொன்றியல்
18 சித்திரை 2004

திரேசம்மாவுக்கு,

இனிப்புக் கட்டியது உண்மைதானாம். எழுதிக்கொண்டே சாப்பிடுகிறான்.

தக்ஷினி கேட்டது நியாயம். எனக்கு எழுத்துத் தெரியாதபடியால் எழுதி வைத்த ஆட்கள் இல்லை, எல்லாரும் தலைக்குள் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

என் முதல் குளிர்காலம் எண்பத்தெட்டில். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறையில் கிறகரி ரோல்ஸ் சுற்றத் தொடங்கியிருந்தார். கணேசலிங்கம் அதை வாங்குவதற்கு ஆறு வருஷம் முன். விமான நிலையத்தில் என் மேல் தன் கோட்டைப் போட்டுவிட்டு, வீடு வரும்வரை நடுங்கியபடி பகிடி சொன்ன மனுஷன். அவர் இருந்தால், "தங்கச்சி, இவன் நல்லவன், ஆனால் வெங்காயம் வெட்டத் தெரியாது" என்று சொல்லியிருப்பார். பனிமழை பெய்து ஊர் இருண்ட தொண்ணூற்றெட்டில் போய்விட்டார்.

அவர் மனைவி ஞானம்மா. நான் எத்தனை ரோல்ஸ் சாப்பிட்டேன் என்று தெரிந்தும் ஒரு நாளும் சொல்லாத மனுஷி. அவரும் அடுத்த வருஷம் பின்னால் போனார்.

உருளைக்கிழங்கு உரித்த ரங்கநாதன், இந்தியாக்காரர். என்னை, "சார்வாள்" என்பார். நான் என் வாழ்நாளில் சாராக இருந்தது அந்த அறையில் மட்டும்தான். சென்னைக்குப் போய் மகன் வீட்டில் காலமானார் என்று தேவிகா விசாரித்துச் சொன்னாள்.

அந்த நிலக்கீழ் அறை எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவனுடையது; அவன் இருந்தால் அவனையாவது கூட்டிவந்திருப்பேன். அவன் தமிழில் ஒன்றும் சொல்லமாட்டான், ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பான். மாசியில் அவனையும் கொண்டு போனார்கள். நான் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன்.

இன்னும் ஒராள் மிச்சம்.

நான் வேலைக்கு வந்த முதல் நாள். கிறகரி கதவடியில் நின்று, தேநீர் யாருக்கு, கை தூக்குங்கள் என்றார். எனக்குப் பெரிய சட்டி கழுவுகிற வேலை, இரண்டு கையும் முழங்கை வரை சவர்க்காரத் தண்ணீரில். புது ஆள், வாயால் கேட்க வெட்கம். தேநீர் இல்லாமல் இருப்போம் என்று குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் கிறகரி சிரிக்கிறார். "ரெண்டு கை தூக்கிறாய், ரெண்டு தேத்தண்ணி குடிப்பியோ?" என்று யாரையோ கேட்கிறார். "ஒண்டு எனக்கு, மற்றது அந்தா சட்டிக்குள்ள நிக்கிற ஆளுக்கு" என்று ஒரு பெண்குரல் சொன்னது. அதுவரை எனக்காக இந்த நாட்டில் ஒருவரும் கை தூக்கியதில்லை. நான் தூக்கிய இரண்டாவது கை எல்லாம் அன்று பழகியது.

அந்த ஆளைத்தான் தக்ஷினிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். இப்போது ரொறன்ரோவில்தான் இருக்கிறா. வாயை மூடாமல் சிரிப்பா, முகத்தைப் பார்த்துச் சொல்லுவா. முதல் குளிரிலிருந்து என்னைத் தெரிந்து உயிரோடு இருக்கிற கடைசி ஆள் அவதான். பெயர் திரேசம்மா.